அதிகமாக உறைக்கிறது என்பதை வீட்டில் எப்படிச் சொல்வது?

கேள்வி: எனக்கு வயது 35. பிறந்தது தேவகோட்டை, வாழ்க்கைப்பட்டது காரைக்குடி. தனியார் பள்ளி ஒன்றில் கணித ஆசிரியையாக இருக்கிறேன். சத்தம், கூட்டம், கண் கூசும் வெளிச்சம், தாளிப்பு நெடி எதுவும் சிறு வயதிலிருந்தே எனக்கு ஆகாது. யாராவது முகம் சுளித்தால் இரண்டு நாட்களுக்கு மனத்தில் அதுவே ஓடிக்கொண்டிருக்கும். அண்மையில் ‘ஹைலி சென்சிடிவ் பெர்சன்’ (உணர்திறன் மிகுந்தவர்) என்பதைப் பற்றிப் படித்தேன். என்னைப் பார்த்தே எழுதியது போல இருந்தது. அன்றிரவே கணவரிடம் சொன்னேன். “இதற்கும் ஒரு பெயர் வைத்துவிட்டார்களா?” என்று கேட்டுவிட்டுப் படுத்துவிட்டார். நாத்தனார் சிரித்தார். எனக்கு ‘தொட்டாற்சுருங்கி’ என்று ஏற்கெனவே பெயர் வைத்தவர் அவர். வரும் தை மாதம் மாமனாருக்குப் பீமரத சாந்தி (எழுபதாம் வயதுச் சடங்கு). எங்கள் பெரிய வீட்டில் ஐம்பது பேருக்குக் குறையாமல் தங்குவார்கள். போன கல்யாணத்தில் தாங்க முடியாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வந்தவர்களை ‘வாருங்கள்’ என்று கேட்கக்கூட மருமகளைக் காணோம் என்று இன்றுவரை பேச்சு. மாமாவின் நடை தள்ளாடுவதை முதலில் கவனித்து மருத்துவரிடம் அழைத்துப் போகச் சொன்னவளும் நான்தான். அதை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. பள்ளியில் தலைமையாசிரியை எல்லோர் முன்னிலையிலும் குறை சொன்னால் கண் கலங்கிவிடுகிறது. எட்டு வயது மகளும் என்னைப் போலவே இருக்கிறாள். எல்லோரிடமும் வெளிப்படையாகச் சொல்லிவிடலாமா? பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாமா?
— வாசகி, காரைக்குடி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சொல்லுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றதன் விளைவைப் போன கல்யாணத்திலேயே பார்த்துவிட்டீர்கள். தாங்க முடியாமல் கதவைச் சாத்தினீர்கள். காரணம் தெரியாதவர்கள் தங்களுக்குத் தோன்றிய காரணத்தைச் சொல்லிக்கொண்டார்கள். ஆனால் எல்லோரிடமும் சொல்ல வேண்டியதில்லை, எல்லோரிடமும் ஒன்றையே சொல்லவும் வேண்டாம். உங்கள் கணவருக்கு முழுவதும் தெரிய வேண்டும். மாமியாருக்கு உங்கள் தேவை தெரிந்தால் போதும், அதன் பெயர் தெரிய வேண்டாம். நாத்தனாருக்கு விளக்கம் கொடுக்கவே வேண்டாம். கணவரிடமும் மாமியாரிடமும் பேசுவதைத் தை பிறப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

பிறரிடம் சொல்வதற்கு முன் உங்களுக்கே சில விஷயங்கள் தெளிவாக வேண்டும். நீங்கள் படித்தது யாரோ கிளப்பிவிட்ட புரளி இல்லை. அமெரிக்க உளவியலாளர் எலைன் ஆரோன் தம் கணவர் ஆர்தர் ஆரோனுடன் சேர்ந்து 1997இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இந்த இயல்பை விளக்கி, அதை அளக்க 27 கேள்விகளையும் வகுத்தார். கண்ணும் காதும் கூர்மையாக இருப்பது இதில் ஒரு பகுதிதான். உள்ளே வருகிற ஒவ்வொன்றையும் மூளை மற்றவர்களைவிட ஆழமாக அலசிப் பார்க்கிறது. அதனால் சீக்கிரம் களைத்தும் போகிறது. மாமாவின் நடையில் இருந்த சிறு தள்ளாட்டம் உங்கள் கண்ணில் பட்டதும், முகச் சுளிப்பு ஒன்று இரண்டு நாள் உங்களைத் தூங்கவிடாததும் ஒரே வேரிலிருந்து வருபவை.

இது அபூர்வமும் இல்லை. பெரியவர்களிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஓர் ஆய்வு, உணர்திறன் மிகுந்தவர்கள் சுமார் 31 சதவீதம், நடுத்தரம் 40, குறைந்தவர்கள் 29 என்று மூன்று பிரிவாகக் கண்டது. அதே விகிதம் நம் ஊருக்கும் பொருந்துமானால் உங்கள் வீட்டில் தங்கப்போகும் ஐம்பது பேரில் பதினைந்து பேராவது உங்களைப் போன்றவர்கள். பந்தி முடிந்ததும் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு முகப்புத் திண்ணைக்குப் போய்விடும் பெரியவரையும், பாத்திரக் கணக்குப் பார்க்கிறேன் என்று வீட்டின் மூன்றாம் கட்டுக்குள்ளேயே தங்கிவிடும் ஆச்சியையும் இனிமேல் கவனித்துப் பாருங்கள்.

இது நோய் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும், அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டிலும் இது கிடையாது. ஆகவே இதற்கு மருத்துவச் சான்றும் கிடையாது, மாத்திரையும் கிடையாது. ஆனால் நோய்கள் சில இதே வேடத்தில் வரும் என்பதால் ஒன்று கேட்கிறேன். சிறு வயதிலிருந்தே இப்படித்தான் என்கிறீர்கள். அது இந்த இயல்புக்குப் பொருந்துகிறது. அண்மையில் திடீரென்று கூடியிருக்கிறதா? தலைவலியும் குமட்டலும் சேர்ந்துகொண்டு வெளிச்சமும் சத்தமும் ஆகாமல் போனால் அது ஒற்றைத் தலைவலியாக இருக்கலாம். எரிச்சல், படபடப்பு, கை நடுக்கம், எடை குறைவு இருந்தால் தைராய்டைப் பார்க்க வேண்டும். அன்று கதவைச் சாத்திக்கொண்டபோது மூச்சு முட்டி, நெஞ்சு அடித்துக்கொண்டு, உயிர் போய்விடும் என்ற பயம் வந்திருந்தால் அது பீதித் தாக்காக இருக்கலாம், அதற்கு நல்ல சிகிச்சையும் உண்டு. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். முதலில் பேசிப் பார்க்க 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணைக் கூப்பிடலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

இனி உங்கள் கணவர். அவர் கேட்ட கேள்வி உங்களைப் புண்படுத்திவிட்டது என்பது கடிதத்தில் தெரிகிறது. அவர் காதில் என்ன விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்தவரிடம், படுக்கப் போகிற நேரத்தில், நீங்கள் ஓர் ஆங்கிலப் பெயரைச் சொன்னீர்கள். ‘உங்கள் வீட்டுச் சத்தத்தில் இத்தனை வருடம் நான் கஷ்டப்பட்டிருக்கிறேன், உங்கள் மனிதர்களுக்கு நாசூக்கு தெரியவில்லை’ என்ற குற்றச்சாட்டாக அது அவருக்குப் பட்டிருக்கலாம். நீங்கள் அப்படி நினைத்துச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரிகிறது. ஆனால் தன் இயல்பைப் பற்றி ஒருவர் முதல்முறை பேசும்போது கேட்பவர்கள் பெரும்பாலும் தங்கள் மீதான புகாராகத்தான் அதைக் கேட்கிறார்கள். என் ஆலோசனை அறையில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். இன்னொன்று, அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு அவர் என்ன செய்ய வேண்டும் என்பதை நீங்கள் சொல்லவில்லை. செய்வதற்கு ஒன்றும் இல்லாத செய்தியை ஆண்கள் பலர் இப்படித்தான் ஒரு வாக்கியத்தில் தள்ளிவிடுவார்கள்.

மறுபடியும் பேசுங்கள். வீட்டுக்குள் வேண்டாம், உங்கள் வீட்டில் எந்த மூலையில் பேசினாலும் இன்னொரு மூலையில் கேட்கும். மாலையில் ஊருணிக்கரைப் பக்கம் இருவருமாக நடந்துவிட்டு வாருங்கள். பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை, இப்படிப்பட்ட பேச்சுக்கு அது வசதி. “அப்பச்சிக்கு சாந்தி நல்லபடி நடக்க வேண்டும். போன தடவை மாதிரி ஆகிவிடக் கூடாது என்று எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் உதவி வேண்டும்” என்று தொடங்குங்கள். பிறகு உங்களுக்குள் என்ன நடக்கிறது என்பதை அவர் கண்ணுக்குத் தெரிகிற அடையாளங்களோடு சொல்லுங்கள். முதலில் என் பதில்கள் ஒற்றைச் சொல்லாகிவிடும். பிறகு கை சில்லிட்டுப் போகும். அப்போதே கொஞ்ச நேரம் ஒதுங்கினால் திரும்பி வந்துவிடுவேன். ஒதுங்காவிட்டால் அழுவேன், இல்லையென்றால் யார் மீதாவது எரிந்து விழுவேன். அவர் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுங்கள். நாலு பேர் முன்னால் “என்ன ஆயிற்று?” என்று கேட்காமல், “உன்னை உள்ளே கூப்பிடுகிறார்கள்” என்று சொல்லி அனுப்பி வைத்தால் போதும். இப்படி ஒரு வேலை கையில் கிடைத்தால் அவர் பேச்சே மாறும். பெயரெல்லாம் பிறகு அவராகக் கேட்கும்போது சொல்லிக்கொள்ளலாம்.

அவர் உடனே முழுவதும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அந்த ஒரு வேலையை மட்டும் செய்துவிட்டு, “எனக்கு இதில் நம்பிக்கை இல்லை” என்று அவர் சொன்னால்கூட உங்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

சாந்தி நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். அங்கேதான் உங்கள் சிக்கலின் முடிச்சு இருக்கிறது.

நம் செட்டிநாட்டுப் பக்கத்து வீடுகள் எப்படிக் கட்டப்பட்டவை என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தரையில் ஆத்தங்குடிக் கல், சுவரில் கண்ணாடியாக இழைத்த சுண்ணாம்புப் பூச்சு, நடுவில் வளவு என்னும் முற்றத்தைச் சுற்றி வழவழப்பான தூண்கள். ஒலியை உறிஞ்சிக்கொள்ளத் திரைச்சீலையோ மெத்தையோ கிடையாது. எல்லாமே ஒலியைத் திருப்பி அனுப்புகிற பரப்புகள். ஓர் எவர்சில்வர் தாம்பாளம் கை நழுவி விழுந்தால் இரண்டாம் கட்டு வரை அதிரும். அங்கே நாகஸ்வரமும் தவிலும், ஒலிபெருக்கியும், ஜெனரேட்டரும், ஐம்பது பேர் பேச்சும் சேர்ந்தால் சாதாரணக் காது உள்ளவர்களுக்கே மாலையில் தலை கனக்கும். பின்கட்டில் கோட்டை அடுப்பில் வரமிளகாய் வறுபடும்போது யாருக்குத்தான் தும்மல் வராது? உங்களுக்கு முன்கூட்டி வருகிறது, அதிகமாக வருகிறது, அவ்வளவுதான். இது குணக்கேடு என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்வதை முதலில் நிறுத்துங்கள்.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. செட்டிநாட்டு விசேஷத்தில் ஒருவர் எங்கே நிற்கிறார் என்பதற்குப் பொருள் உண்டு. வந்தவர்களை முகப்பில் நின்று ‘வாருங்கள்’ என்று கேட்பது யார், முதல் பந்தியில் நின்று விசாரிப்பது யார் என்பதையெல்லாம் பார்த்துத்தான் உறவு எடைபோடப்படுகிறது. மருமகள் அந்த இடத்தில் இல்லாவிட்டால், அவளுக்குத் தலை வலிக்கிறது என்று யாரும் நினைக்க மாட்டார்கள். தங்களை மதிக்கவில்லை என்றுதான் நினைப்பார்கள். இந்தக் கோபத்தைப் பழைய காலத்து வறட்டுக் கௌரவம் என்று நான் தள்ள மாட்டேன். தூரத்திலிருந்து செலவழித்துக்கொண்டு வருகிற உறவுக்கு அந்த ஒரு வார்த்தைதான் மரியாதை.

எனவே ஒதுங்கப் போகும் நேரத்தைக் கேட்பதற்கு முன், நிற்கப் போகும் நேரத்தைக் கொடுங்கள். மாமியாரிடம் போய், காலையில் முகப்பில் நின்று எல்லோரையும் கேட்பது, கலச நீர் அபிஷேகம், பெரியவர்களிடம் விழுந்து கும்பிடுவது, முதல் பந்தி ஆகிய இந்த நான்கு இடத்திலும் நான் உங்கள் பக்கத்திலேயே நிற்பேன் என்று சொல்லுங்கள். சொன்னபடி நில்லுங்கள். பிறகு கேளுங்கள்: “அத்தை, சத்தம் அதிகமானால் எனக்குத் தலை கனத்துவிடுகிறது. சிறு வயதிலிருந்தே இப்படித்தான். முதல் பந்தி முடிந்ததும் அரை மணி நேரம் எங்கள் அறையில் கண்ணை மூடிப் படுத்துவிட்டு வந்தால் இரவு வரைக்கும் தெம்பாக நிற்பேன். யாராவது தேடினால் நீங்களே சொல்லிவிடுங்கள்.” இதில் ஆங்கிலப் பெயர் இல்லை, ஆராய்ச்சி இல்லை, பொய்யும் இல்லை. மாமியார் மறுத்துப் பேச இதில் ஒன்றும் இல்லை. அவர் சொல்லி நீங்கள் ஒதுங்கினால் அது அவருடைய ஏற்பாடாகிவிடுகிறது. ஊர்ப் பேச்சுக்கு அவரே பதில் சொல்லிக்கொள்வார்.

‘எங்கள் அறை’ என்ற சொல்லை வேண்டுமென்றேதான் சேர்த்திருக்கிறேன். கல்யாணமான பிள்ளை ஒவ்வொருவரையும் தனிப் புள்ளியாக, அதாவது தனிக் குடும்பமாகக் கணக்கிட்டு, ஒரே கூரையின் கீழ் அறையும் கொடுத்து, அடுப்பையும் பிரித்து வேறு வைத்த வழக்கம் நகரத்தார் குடும்பங்களில் தலைமுறைகளாக இருந்தது. கூட்டமாக வாழ்கிறவர்களுக்கும் சாத்திக்கொள்ள ஒரு கதவு வேண்டும் என்று அந்தப் பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே நீங்கள் கேட்பது இந்த வீட்டுக்குப் புதிது இல்லை. நடைமுறையில் விசேஷ நாளில் அந்த அறையில் விருந்தாளிகளின் பெட்டிகளும், சீர்த்தட்டுகளும், தூங்குகிற குழந்தைகளும் வந்து நிறைந்துவிடும். முதல் நாளே கணவரிடம் சொல்லிச் சாவியை உங்கள் இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். மருந்துக் கடையில் நுரைப்பஞ்சுக் காதடைப்பான் கிடைக்கும். ஒலிபெருக்கி ஒலிக்கும் நேரத்தில் வைத்துக்கொண்டால் சத்தம் தணியும், பக்கத்தில் பேசுவதும் கேட்கும். தலை நிறையப் பூ வைத்திருக்கும்போது அது வெளியே தெரியாது. முதல் நாள் இரவு பலகாரம் சுடுகிற இடத்தில் விழித்துக்கொண்டு உட்காராமல் தூங்கிவிடுங்கள். தூக்கம் கெட்டால் மேலே சொன்ன எதுவும் பலிக்காது.

ஒரு கண்டிப்பான வார்த்தையும் சொல்ல வேண்டும். முன்கூட்டிச் சொன்னால் அது வேண்டுகோள். எரிந்து விழுந்த பிறகு சொன்னால் அது சாக்காகத்தான் கேட்கும். அன்று யாரிடமாவது கடுமையாகப் பேசிவிட்டால் “என் சுபாவம் அப்படி” என்று விளக்காதீர்கள். “பேசியது தவறு, மன்னித்துக்கொள்ளுங்கள்” என்று மட்டும் சொல்லுங்கள். உங்கள் இயல்பு உங்கள் களைப்புக்குத்தான் காரணம்; அடுத்தவர் மனம் நோவதற்கு அது நியாயம் ஆகாது.

நாத்தனாரிடம் சுருக்கமாக இருங்கள். அவர் ‘தொட்டாற்சுருங்கி’ என்றால், “ஆமாம் ஆச்சி, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்” என்று சொல்லிவிட்டுக் கையில் இருக்கும் வேலையைத் தொடருங்கள். தற்காத்துப் பேசினால் கேலி வளரும். “கல்யாண வீட்டில் எல்லோரிடமும் கலகலவென்று பேசுகிறாயே, உனக்கு எப்படி இது?” என்று அவர் கேட்கக்கூடும். இந்த இயல்பு உள்ளவர்களில் பத்துக்கு மூன்று பேர் கலகலப்பானவர்கள் என்று ஆரோனே எழுதியிருக்கிறார். இது உங்கள் மனத் தெளிவுக்காக. நாத்தனாரிடம் வாதாடுவதற்காக இல்லை.

பள்ளியில் இந்தப் பெயரைச் சொல்ல வேண்டாம் என்பதே என் கருத்து. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. இது அவற்றில் இல்லை. அதனால் சட்டப்படி உங்களுக்கு எதுவும் கிடைக்காது. இவரால் வகுப்பைச் சமாளிக்க முடியுமா என்ற ஐயம் மட்டும் கிளம்பலாம். தலைமையாசிரியையைத் தனியே பார்த்து, “குறை இருந்தால் என்னிடம் தனியாகச் சொல்லுங்கள், அல்லது எழுதிக் கொடுங்கள். ஒரு நாள் அவகாசம் கொடுத்தால் சரியாகத் திருத்திக் கொண்டுவருவேன்” என்று கேளுங்கள். அதில் அவருக்கும் லாபம் இருக்கிறது.

கடைசியாக உங்கள் மகள். கடிதத்தில் அவளுக்கு ஒரே வரிதான் கொடுத்திருக்கிறீர்கள். எனக்கு அந்த வரி முக்கியமாகப் பட்டது. பிரிட்டனில் பதின்வயது இரட்டையர்களை வைத்து நடத்தி 2020இல் வெளியான ஆய்வின்படி, இந்த இயல்பில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் சுமார் 47 சதவீதம் மரபணுவால் வருகிறது. மற்றதெல்லாம் சூழல். அந்தச் சூழலில் ஒரு பங்கு இப்போது உங்கள் கையில் இருக்கிறது. உங்களைப் பற்றி நீங்கள் எப்படிப் பேசுகிறீர்கள் என்பதைக் கேட்டுத்தான் அவள் தன்னைப் பற்றிப் பேசக் கற்றுக்கொள்வாள். “அம்மா ஒன்றுக்கும் உதவாதவள், எதையும் தாங்க மாட்டாள்” என்று நீங்கள் சலித்துக்கொண்டால் அது அவள் மீதும் எழுதப்படுகிறது.

இப்படிப்பட்ட குழந்தைகளுக்குக் கெட்டது அதிகமாக உறைப்பது போலவே நல்லதும் அதிகமாக ஒட்டும். லண்டனில் 11 வயதுச் சிறுமிகளுக்கு மனச்சோர்வைத் தடுக்கும் பயிற்சி ஒன்றைப் பள்ளியில் கொடுத்துப் பார்த்தார்கள். உணர்திறன் மிகுந்த சிறுமிகளுக்குத்தான் அது பலன் கொடுத்தது; குறைந்தவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. 2015இல் வெளியான ஆய்வு இது. உங்கள் மகளுக்குச் செலவிடும் பொறுமை வீண் போகாது என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

அவளுக்கும் அந்த ஆங்கிலப் பெயரைச் சூட்டிவிடாதீர்கள். எட்டு வயதில் எதையும் முத்திரையாகக் குத்த வேண்டாம். ஜரிகை உறுத்தாமல் இருக்கப் பட்டுப் பாவாடைக்கு உள்ளே மெல்லிய பருத்தித் துணி வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். சாந்தியன்று ஒலிபெருக்கிக்கு எதிரே அவளை உட்கார வைக்காதீர்கள். “அப்பத்தா, எனக்குச் சத்தமாக இருக்கிறது, உள்ளே போய்விட்டு வருகிறேன்” என்று சொல்லிவிட்டுப் போக அவளுக்கு இப்போதே பழக்குங்கள். சொல்லாமல் ஓடுவதும், அழுதுகொண்டே உட்கார்ந்திருப்பதும் அவளுக்கு வேண்டாம். அவள் அப்படிச் சொல்லும்போது யாராவது பெரியவர் சிரித்தால் விட்டுவிடாதீர்கள். “கேட்டுவிட்டுத்தான் போகிறாள், போகட்டும்” என்று எல்லோர் காதிலும் விழும்படி நீங்கள் சொல்ல வேண்டும்.

சாந்தி முடிந்து வீடு அடங்கியதும் எழுதுங்கள். கணவரோடு பேசியது எப்படிப் போயிற்று, தலைமையாசிரியை என்ன சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கணவர் விரும்பினால் இருவருமாக வந்து என்னைப் பார்க்கலாம். அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டும் வாருங்கள்.